ஹாலில் இல்லாதவள்

பெங்களூருவில் நான் முதலில் பார்த்தது ஒரு பேருந்தின் பின்பக்கத்தை. முக்கால் மணி நேரம் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் ஆட்டோவும் நகரவில்லை, அந்தப் பேருந்தும் நகரவில்லை. அதன் மேல் கன்னடத்தில் பெரிதாக என்னவோ எழுதியிருந்தது. எழுத்து எழுத்தாக உற்றுப் பார்த்தும் ஒன்றும் பிடிபடவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் எப்படி ஒரு ஊரில் நடமாடுகிறார்கள் என்பது இருபத்தாறு வயதில் அங்கேதான் எனக்குப் புரிந்தது. என் அம்மா இப்படித்தான் பத்து வருஷம் இந்த ஊரில் பஸ் ஏறி இறங்கியிருக்கிறாள்.

ஆட்டோக்காரர் போனில் கன்னடத்தில் கத்திக்கொண்டிருந்தார். வைத்ததும் என்னைக் கண்ணாடியில் பார்த்துத் தமிழில் சொன்னார்: “வீட்ல அரிசி இருக்கான்னு என்னைக் கேக்கறா. அரிசி அங்க இருக்கு, அவளும் அங்க இருக்கா, நான் இங்க சிக்னல்ல இருக்கேன்.” நான் தமிழ் என்று எப்படித் தெரிந்தது என்றேன். “பையை மடியில வெச்சு ரெண்டு கையாலயும் பிடிச்சிருக்கீங்களே” என்றார்.

பையில் இருநூற்றுச் சொச்சம் பக்கம் புரூஃப் இருந்தது. சென்னையில் ஒரு பதிப்பகத்தில் புரூஃப் பார்ப்பது என் வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போய் அமர்ந்த முதல் ஆள் நான். எம்.ஏ. தமிழில் கல்லூரியில் முதலிடம். ஒரு புத்தகத்தில் பிழை இல்லாமல் என் கையைவிட்டுப் போனால் அன்று இரவு நன்றாகத் தூங்குவேன்.

இந்தப் புத்தகம் ‘ஹலோ’ ஆரோக்கியம் என்பவருடையது. எழுபத்தாறு வயது. மெல்லிசைக் குழுக்களில் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் மைக்கைப் பிடித்துப் பேசுபவர். கல்யாணம், மாதா கோயில் திருவிழா, விநாயகர் பந்தல், கம்பெனி ஆண்டு விழா என்று நாற்பது வருஷம் இந்த ஊரைச் சிரிக்க வைத்தவர். தமிழில் தொடங்கி, கன்னடத்தில் வளைத்து, உருதுவில் முடிப்பாராம். அவர் பேசிப் பதிவுசெய்து அனுப்பியதை எழுத்தாக்கியது நான். கடைசிப் புரூஃபை அவரிடம் காட்டி, ஞாயிற்றுக்கிழமைக்குள் கையெழுத்து வாங்கிவர வேண்டும். திங்கட்கிழமை அச்சு. தவறினால் அந்த இடத்துக்கு ஒரு சமையல் புத்தகம் தயாராகக் காத்திருந்தது. அவர் புத்தகம் எப்போது வரும் என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

இதில் ஒரு சிக்கல். அவர் பேச்சிலிருந்து ஒரு பக்கத்தை, அவரிடமும் எங்கள் பதிப்பக ஆசிரியரிடமும் கேட்காமல், நானே எடுத்திருந்தேன்.

காக்ஸ் டவுனில் அவர் வீடு ஒரு பழைய ஓட்டு வீட்டின் பாதி. மீதிப் பாதியை இடித்து நாலு மாடி கட்டிவிட்டார்கள். அதன் நிழலில் மத்தியானமே கூடத்தில் விளக்கெரிந்தது. நான் உள்ளே வந்ததும் வராததுமாக அவருடைய மனைவி மேரி ஆன்ட்டி தட்டு வைத்தார். சோறு, ரசம், மிளகு தூக்கலாக மாட்டுக்கறி வறுவல்.

“சாப்பிடுவியாம்மா இதெல்லாம்?” என்றார்.

“ஹாஸ்டல்ல வளர்ந்தவ ஆன்ட்டி. எதிர்ல வெச்சா எதையும் சாப்பிடுவேன்.”

ஆரோக்கியம் சார் எனக்கு எதிரில் உட்கார்ந்து புரூஃபைப் படித்தார். ஒல்லியான மனிதர். வீட்டிலும் சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டிருந்தார். மூன்றாம் பக்கத்தில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“மேடம், இது யார் பேசறது?”

“நீங்க சார்.”

“‘பார்வையாளர்கள் கரவொலி எழுப்பினர்.’ இது நான் சொன்னேனா? மேரி, நான் என்னைக்காவது வீட்ல கரவொலி எழுப்பியிருக்கேனா?”

“குறட்டை ஒலிதான்” என்றது சமையலறை.

அதை மாற்றித் தருகிறேன் என்றேன். மனதுக்குள் கொஞ்சம் எரிந்தது. அந்த வாக்கியத்தில் ஒரு பிழையும் கிடையாது. அவர் படித்துக்கொண்டே போனார். சில இடங்களில் தலையாட்டினார், சில இடங்களில் “தேவலை” என்றார். நாற்பதாம் பக்கம் வந்ததும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“லிஃப்ட் எங்க?”

நான் ரசத்தைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

“ஏம்மா, என் லிஃப்ட் ஜோக் எங்க? இந்த ஊர்ல என்னை ரோட்ல பார்த்தா ஜனங்க ஹலோ சொல்லமாட்டாங்க, தலையில கையை வெச்சுக் காட்டுவாங்க. அதில்லாம என்ன புக்கு?”

“நான்தான் எடுத்தேன் சார்.”

அவர் கோபப்படவில்லை. எழுந்து நின்றார். எனக்குத் தெரியாத ஜோக் என்று நினைத்தாரோ என்னவோ, கூடத்தின் நடுவில் நின்று செய்தே காட்டினார்.

கதை இவ்வளவுதான். பத்து மாடிக் கட்டடம் கட்டி முடிகிறது. திறப்பு நாளில் இன்ஜினியர், அங்கே வேலை செய்த சித்தாள் பெண்ணைப் பெரிய மனதோடு லிஃப்டில் ஏற்றுகிறார். கதவு மூடுகிறது. லிஃப்ட் கிளம்பியதும் அவள் மிரண்டு, பழக்க தோஷத்தில், தலையில் இல்லாத சிமெண்டுச் சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறாள். கழுத்து விறைக்கிறது, முழி பிதுங்குகிறது. பத்தாவது மாடியில் கதவு திறந்ததும் லிஃப்ட்காரரிடம் கேட்கிறாள்: “ஏம்பா, எறக்கிக்க ஆள் இல்லியா?”

செய்தது பிரமாதம். அந்த எழுபத்தாறு வயதுக் கழுத்தில் ஒரு நரம்பு எழுந்து நின்றது. நாற்பது வருஷமாகக் கேட்டும் சமையலறையில் மேரி ஆன்ட்டி சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. என் அம்மா இந்த ஊரில் பத்து வருஷம் சித்தாள். நான் செங்கத்தில் ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்தபோது, அவளும் அப்பாவும் இங்கே கட்டடம் கட்டடமாக மாறிக்கொண்டிருந்தார்கள். இதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் ஐயோ பாவம் என்று விட்டுக்கொடுத்துவிடுவார். ஐயோ பாவத்தால் ஜெயிப்பதற்கு நான் படிக்கவில்லை.

“லிஃப்ட் இல்லாம கையெழுத்து இல்ல மேடம்” என்றார் அவர். “உங்க ஆசிரியருக்கு நான் போன் பண்ணட்டுமா, நீங்க பண்றீங்களா?”

ஞாயிறு வரை நேரம் கேட்டேன். சிரித்தபடி கொடுத்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அட்டைக்கு ஒரு பழைய புகைப்படம் தேவைப்பட்டது. அது மல்லேஸ்வரத்தில், அவர்கள் குழுவின் கீபோர்டுக்காரர் கிருஷ்ணப்பாவிடம் இருந்தது. இருவரும் கிளம்பினோம். மெட்ரோவில் மெஜஸ்டிக்கில் மாறும்போது கூட்டம் என்னை ஒரு கதவு வழியாக உள்ளே தள்ளியது, அவரை வேறொரு கதவு வழியாக வெளியே தள்ளியது. நான் அடுத்த நிலையத்தில் இறங்கி நின்று, அவர் வந்த ரயிலில் ஏறிக்கொண்டேன். “என் காலத்துல இந்த ஊர்ல இத்தனை பேர் சேர்ந்தா, என் ஷோவுக்குத்தான்” என்றார். உட்கார இடம் கிடைத்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

பெட்டியில் பேசுகிற ஒருவரும் இல்லை. எல்லார் காதிலும் ஏதோ ஒன்று சொருகியிருந்தது. ஒரு பெண் மட்டும் போனைப் பார்த்துத் தனியாகச் சிரித்தாள்.

“பாரு” என்றார், ஒரு கண்ணைத் திறந்து. “அவ சிரிக்கிறது பக்கத்துல இருக்கிறவனுக்குத் தெரியல. முன்ன சிரிப்பு கொட்டாவி மாதிரி. ஒருத்தனுக்கு வந்தா வரிசையா போகும். இப்ப அவனவன் தனியா சிரிச்சு தனியா முடிச்சுக்கறான். போன வருஷம் ஒரு அபார்ட்மெண்ட் ஃபங்ஷன். நான் பேசறேன், எல்லாரும் போனைத் தூக்கிப் பிடிச்சு எடுக்கறாங்க. ஒரு கைத்தட்டல் இல்ல. கையில போன் இருந்தா எப்படித் தட்டுவான்?”

அந்த அபார்ட்மெண்டில், என்ன பேசப்போகிறீர்கள் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டார்களாம். கொடுத்தாராம். கன்னடக்காரர் பற்றியது வேண்டாம், தமிழர் பற்றியது வேண்டாம், சேட்டு வேண்டாம், மாமியார் வேண்டாம் என்று அடித்துத் திருப்பிக் கொடுத்தார்களாம். மிஞ்சியது ‘குட் ஈவினிங்’.

“பயம்மா, எல்லாருக்கும். முன்ன ஷோவுல மலையாளியைக் கிண்டலடிச்சா மலையாளிதான் ரொம்பச் சத்தமா சிரிப்பான், ‘என்னைத்தான் சொல்றான்’னு பெருமையா. இப்ப அடுத்தவனைச் சொன்னா சிரிக்கிறான், தன்னைச் சொன்னா கேஸ் போடறேங்கறான்.”

மல்லேஸ்வரத்தில் ஓர் ஓட்டலில் கிருஷ்ணப்பா காத்திருந்தார். வட்டமான மனிதர், தலையில் குல்லாய். தட்டு இட்லி வந்தது. எங்கள் பக்கத்து இட்லி நாலைச் சேர்த்து நசுக்கியதுபோல் அகலம். சாம்பாரில் வெல்லம். நான் முகத்தைச் சுளித்ததைப் பார்த்து கிருஷ்ணப்பா கன்னடத்தில் ஏதோ சொன்னார். “சர்க்கரைப் பொங்கலுக்குத் தொட்டுக்கறதுன்னு நெனச்சுக்கோங்கறான்” என்று மொழிபெயர்த்தார் ஆரோக்கியம் சார்.

இரண்டு காபியை மூன்றாகப் பங்கிட்டுக் கொடுக்கச் சொன்னார்கள். ஓட்டல்காரர் மறுபேச்சில்லாமல் கொடுத்தார். சென்னையில் ஒரு காபியை இரண்டாக்கச் சொன்னாலே நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

பல வருஷம் முன்பு ஊரில் மொழிக் கலாட்டா நடந்தபோது, ஆரோக்கியம் சாரையும் மேரி ஆன்ட்டியையும் கைக்குழந்தையையும் மூன்று நாள் தன் வீட்டில் வைத்திருந்தவர் இந்தக் கிருஷ்ணப்பா. வாசலில் நாற்காலி போட்டு அவரே உட்கார்ந்திருந்தாராம். புத்தகத்தில் அது எட்டாவது அத்தியாயம். அந்த மனிதரை நேரில் பார்த்ததில் எனக்கு மகிழ்ச்சி.

புகைப்படத்தைக் கொடுத்த கையோடு கிருஷ்ணப்பா போனை எடுத்து என்னவோ தட்டினார். எதிரே இருந்த ஆரோக்கியம் சாரின் பையில் மணி அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். கன்னடமும் ஆங்கிலமுமாக ஒரு செய்தி. கன்னட வரிகளுக்கு அவரே அர்த்தம் சொன்னார். வெளியூர்க்காரர்களை விரட்டாவிட்டால் நமக்கு இடமில்லை, இந்த மண்ணின் உண்மையான மகனாக இருந்தால் பத்துப் பேருக்கு அனுப்பு.

“இத எனக்கே அனுப்பறியேப்பா.”

கிருஷ்ணப்பா கண்ணாடியைத் தூக்கிப் படித்தார். பிறகு தமிழிலேயே சொன்னார்: “நான் எங்க படிக்கறேன் குரு? வருது, அனுப்பறேன். அனுப்பலேன்னா குரூப்ல கேக்கறாங்க, ஏன் சும்மா இருக்கேன்னு.”

“பத்து பேருக்கு அனுப்புன்னு போட்டிருக்கு. நான் எத்தனாவது?”

“நீதான் முதல்ல. உன் பேரு ஏ-ல ஆரம்பிக்குதே.”

இருவரும் சிரித்தார்கள். அதே சிரிப்போடு இன்னொரு காபியைப் பாதியாக்கிக் குடித்தார்கள். திரும்பும்போது ஆரோக்கியம் சார் அந்தச் செய்தியை மறுபடி எடுத்துப் பார்த்தார். “அவன் நல்லவன்தான்” என்றார் ஒருமுறை. நான் கேட்கவேயில்லை. “நாற்காலி போட்டு உக்காந்தவன். இன்னிக்கும் கலாட்டா வந்தா உக்காருவான். கையில போனை வெச்சுக்கிட்டு உக்காருவான். அதான் எனக்குப் புரியல. நாடு இப்ப அப்படித்தான் இருக்கு. மனுஷன் ஒரு பக்கம், அவன் அனுப்பறது ஒரு பக்கம்.”

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு நான் எழுந்தபோதே அலுப்பாக இருந்தது. கல்லூரித் தோழி ஒருத்தியின் விடுதி அறையில் தங்கியிருந்தேன். மூன்று கட்டில், ஒரு ஜன்னல். நாலாவது ஆளாக நான் தரையில். தோழி தூக்கத்திலேயே அலுவலகக் கூட்டத்துக்குப் பதில் சொல்வதுபோல் ‘யெஸ், யெஸ்’ என்றாள். அம்மா போனில் இரண்டு முறை நினைவூட்டியிருந்தாள்: ஈஜிபுராவில் காசியம்மா இருக்கிறாள், அவளுக்குக் கொடுத்தனுப்பிய மொச்சைக்கொட்டையைக் கொடுத்துவிட்டு வா. காசியம்மா அம்மாவோடு சேர்ந்து சட்டி தூக்கியவள். நான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். புத்தக வேலையாக வந்திருக்கிறேன், நேரமில்லை என்றேன். நேரம் இருந்தது.

அன்று முழுக்க ஆரோக்கியம் சாரோடு உட்கார்ந்து புரூஃபைத் திருத்தினேன். கரவொலிகளை எல்லாம் கைத்தட்டல் ஆக்கினேன். முதல் அத்தியாயத்தில் அவர் தன் தொழிலின் சட்டம் என்று ஒன்றைச் சொல்லியிருக்கிறார். எதிரில் உட்கார்ந்திருக்கிறவனை மட்டும்தான் கிண்டல் செய்ய வேண்டும். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும். முகம் மாறினால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். அதற்காக ஷோ தொடங்குமுன் ஹாலைச் சுற்றிவந்து, யார் எந்த ஊர், என்ன வேலை என்று ஒவ்வொருவரிடமும் கைகொடுத்து விசாரித்துக்கொள்வாராம். சேட்டு வராத அன்று சேட்டு ஜோக் கிடையாது.

“இது நல்ல சட்டம் சார்” என்றேன்.

“என் வாத்தியார் சொன்னது இல்ல, நானே அடி வாங்கிக் கத்துக்கிட்டது.”

“லிஃப்ட் ஜோக்கை எங்கெல்லாம் செஞ்சிருக்கீங்க?”

“எங்க செய்யல? கிளப்பு, கம்பெனி, கல்யாண மண்டபம். டெல்லில கூட செஞ்சேன்.”

“அங்கெல்லாம் ஹால்ல சித்தாள் யாராவது உக்காந்திருந்தாங்களா?”

அவர் கையிலிருந்த பென்சில் காகிதத்தில் நின்றது.

“ஹாலைச் சுத்தி வந்து கை குடுத்தீங்களே, ஒரு சித்தாளுக்குக் கை குடுத்திருக்கீங்களா? அவங்க முகம் மாறுச்சா மாறலையான்னு யாரைப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டீங்க?”

குரல் உயர்ந்துவிட்டது எனக்கு. மேரி ஆன்ட்டி கதவருகில் வந்து நின்றார்.

“அது யாரையும் புண்படுத்தற ஜோக் இல்லம்மா” என்றார் ஆரோக்கியம் சார். “பாசமா செய்யறது. அவங்க பார்த்தா அவங்களே விழுந்து விழுந்து சிரிப்பாங்க.”

“பார்த்ததில்லையே சார்.”

பென்சிலைப் புரூஃபின் மேல் வைத்தார். “நீ மெட்ராஸ்ல உக்காந்து அவங்களுக்காகக் கோச்சுக்கறே. நான் இங்க உக்காந்து அவங்க சிரிப்பாங்கன்னு சொல்றேன். ரெண்டு பேருமே கேக்கல” என்றார். பிறகு, “எங்க இருக்காங்க அவங்க?”

ஈஜிபுரா என்று சொல்ல எனக்கு விருப்பமில்லை. சொன்னேன்.

“காட்டறேன். சிரிச்சா லிஃப்ட் உள்ள வருது. முகம் மாறினா நானே கிழிச்சுப் போடறேன். சரியா?”

ஞாயிறு பூசை முடிந்து, வெள்ளைச் சட்டையும் பெல்ட்டுமாக வந்தார். முதல் ஆட்டோ பாதி வழியில் டயர் பஞ்சர். இரண்டாவது ஆட்டோக்காரர் ஈஜிபுராவுக்குள் வரமாட்டேன், முனையில் விடுகிறேன் என்றார். ஒரு மேம்பாலத் தூணின் கீழே இறங்கி நடந்தோம். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் நின்று வழிவிட வேண்டிய சந்துகள். மேலே மாடிக்கு மாடி துணி. பாதிக் கடைப் பலகைகளில் தமிழ். வெங்காயம் வதங்கும் வாசனை ஒவ்வொரு கதவிலிருந்தும் வந்தது. எங்கள் ஊர் கறிக்குழம்பின் வாசனை.

காசியம்மாவின் அறை ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில். ஞாயிற்றுக்கிழமையாதலால் வேலையில்லை. பொதுக் குழாயடியில் அவளும் இன்னும் நாலு பெண்களும் துவைத்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் சோப்புக் கையோடு எழுந்தாள்.

“அடியே, இது பச்சையம்மா பொண்ணு! அதே நெத்தி. இன்னாடி, இந்த ஊருக்கு வந்து நாலு நாளாச்சாமே, உங்கம்மா போன்ல சொல்றா. பெரிய படிப்பு படிச்சா காசியம்மா வீட்டுக்கு வழி தெரியாதா?”

ஆரோக்கியம் சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். “உங்கம்மா…?”

“இவங்கம்மாவும் நானும் ஒரே மேஸ்திரிகிட்ட ஆறு வருஷம்” என்றாள் காசியம்மா. “நீ யாரு பெரியவரே?”

“முன்னாடியே சொல்லியிருக்கலாமே” என்றார் என்னிடம், மெதுவாக.

“சொல்லியிருந்தா எடுத்திருப்பீங்க சார். அப்படி எடுக்கறது எனக்கு வேணாம்.”

அவர் சந்தின் பக்கம் திரும்பினார். கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். ஆனால் அவர் யார் என்று நான் சொன்னதும் பெண்கள் கையைத் துடைத்துக்கொண்டு, தமாஷ்காரராம், மேடையில் பேசுபவராம் என்று கூடிவிட்டார்கள். சரோஜா என்று ஒருத்தி கவிழ்த்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்தாள். ஆள் சேர்ந்துவிட்டால் அவருக்கு வேறு வழியில்லை. ஒவ்வொருத்தியிடமும் பேரும் ஊரும் கேட்டுக் கைகொடுத்தார். ஈரக் கைகள், சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள். பிறகு குழாயடியில் நின்று லிஃப்டைச் செய்தார்.

கதவு மூடியது. கை தலைக்குப் போனது. முழி பிதுங்கியது. ‘எறக்கிக்க ஆள் இல்லியா?’

நான் முகங்களைப் பார்த்தேன். யார் முகமும் மாறவில்லை. ஒருத்தி கொஞ்சம் சிரித்தாள், விருந்தாளி பாடினால் சிரிப்பதுபோல. சரோஜா காசியம்மாவைப் பார்த்தாள்.

“இன்னா அது, தலையில?” என்றாள் காசியம்மா.

“சட்டி. சிமெண்டுச் சட்டி.”

“ரெண்டு கையாலயுமா பிடிப்பாங்க?”

“பயத்துல…”

“பயந்தா இன்னும் பிடிக்கக் கூடாதே. கைய வெச்சா கழுத்து சாயும், சட்டி கவுந்துடும். புதுசா வர்றவதான் பிடிப்பா. பத்து மாடி ஏத்துனவ பிடிப்பாளா? கைய தொங்கவிட்டுனு போய்க்கினே இருப்பா. நாங்க இடுப்புல புள்ளையக்கூட வெச்சுனு ஏறுவோம்.”

“எறக்கிக்கன்னு கேக்கமாட்டோம்” என்றாள் சரோஜா. “அப்படியே சாச்சுக் கொட்டிட்டு திரும்பறதுதான். எறக்கி விடறதுக்கு மேல யாரு, மாமனாரா நிக்கிறாரு?”

இதற்கு எல்லாரும் சிரித்தார்கள். குழாயடி முழுக்கச் சிரிப்பு. ஆரோக்கியம் சார் சிரிக்கவில்லை. கை இன்னும் தலைக்குப் பாதி உயரத்தில் இருந்தது. திட்டினால் தாங்கியிருப்பார் என்று எனக்குப் பட்டது. நாற்பது வருஷம் ஒரு வேலையைத் தப்பாகச் செய்திருக்கிறார். பார்த்த அத்தனை ஆயிரம் பேரில் ஒருவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

“எப்படின்னு காட்டு” என்றார் காசியம்மாவிடம்.

அவள் துண்டைச் சுருட்டிச் சும்மாடு ஆக்கி அவர் தலையில் வைத்தாள். தூக்கி வைக்க வேறொன்றும் கிடைக்காததால், என் கையிலிருந்த புரூஃப் கட்டை வாங்கி அதன் மேல் வைத்தாள். “கைய எடு. எடு பெரியவரே. கண்ணு நேரா. கால் தரையத் தேடட்டும், தலை தேடக் கூடாது.” இரண்டு அடி வைத்தார். மூன்றாவது அடியில் கட்டு சரிந்து, சோப்புத் தண்ணீரில் விழுமுன் சரோஜா பிடித்தாள். மறுபடி வைத்தார்கள். மறுபடி. ஐந்தாவது தடவை சுவர் வரை போய்த் திரும்பினார். பெண்கள் கைதட்டினார்கள்.

“இப்ப உன் லிஃப்ட சரியா செய்” என்றாள் காசியம்மா. “பாப்போம்.”

கட்டையும் துண்டையும் என்னிடம் கொடுத்துவிட்டு நின்றார். கதவு மூடியது. கண் ஒருமுறை மேலே போய் வந்தது. இரண்டு கையும் பக்கத்தில் தொங்கின. கழுத்து நேராக இருந்தது. அவ்வளவுதான். ஒரு பெண் லிஃப்டில் நின்றுகொண்டிருந்தாள்.

யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பு வரவேண்டிய இடத்தில் பழக்கமாகக் காத்திருந்தார். குழாய் சொட்டியது.

“அப்புறம்?” என்றாள் சரோஜா.

“அப்புறம் ஒண்ணும் இல்ல” என்றார்.

துவைக்கிற கல்லின் ஈரத்தைக் கைக்குட்டையால் துடைத்து, கடைசிப் பக்கத்தை அதன் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். லிஃப்ட், என்று நான் ஆரம்பித்தேன். “அதான் பார்த்தியே” என்றார். “அதுல ஜோக்கே இல்ல.” நான் அதை அவமானம் என்று புத்தகத்திலிருந்து எடுத்திருந்தேன். அவர் வேறு காரணத்துக்காக எடுத்தார். ஜெயித்ததுபோல எனக்கு இல்லை. நாலு நாள் அலைச்சல்தான் காலில் இருந்தது. கேட்காமல் எடுத்ததைத் திங்கட்கிழமை எங்கள் ஆசிரியரிடம் சொல்ல வேண்டும்.

காசியம்மா, அம்மா கொடுத்தனுப்பிய மொச்சைக்கொட்டையை வாங்கிக்கொண்டு, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று உள்ளே போனாள். அவர் பேனாவை மூடி என்னிடம் கொடுத்தார். கொடுத்த கையைச் சட்டைப் பையில் வைத்தார், எடுத்து பெல்ட்டில் வைத்தார், பிறகு அதை எங்கேயும் வைக்காமல் தொங்கவிட்டபடி, சோறு வரும்வரை குழாயடியில் நின்றுகொண்டிருந்தார்.